'சிபேப் பொருத்திக்கொள்ளலாம்' என்ற வரிக்குப் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறட்டையைப் பற்றியும் உறக்கத்தில் மூச்சு நின்றுபோவதைப் பற்றியும் நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. அறிகுறி, ஆபத்து, உறக்கப் பரிசோதனை எல்லாம் விரிவாக இருக்கும். கடைசியில் ஒரே ஒரு வரி: 'சிபேப் கருவி பொருத்திக்கொள்ளலாம்.' (உறக்கத்தில் தொண்டை மூடாமலிருக்க, முகத்தில் மாட்டும் மாஸ்க் வழியே அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும் கருவி அது.) அதோடு கட்டுரை முடிந்துவிடும். நோயாளிக்கு வேலை தொடங்குவதே அந்த வரிக்குப் பிறகுதான். கருவியை வீட்டுக்குக் கொண்டுபோனவர்களில் கணிசமானோர் சில வாரங்களில் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறார்கள். கேட்டால் 'எனக்கு ஒத்துவரவில்லை' என்பார்கள். விசாரித்துப் பார்த்தால் ஒத்துவராமல் போனது மாஸ்க்கின் அளவாக இருக்கும், வறண்ட மூக்காக இருக்கும், அல்லது கருவி பெட்டியிலிருந்து வந்தபடியே யாரும் மாற்றாமல் விட்ட ஓர் அமைப்பாக இருக்கும். எல்லாமே சரிசெய்யக்கூடியவை. முதல் ஒன்றிரண்டு வாரங்களில் படியும் பழக்கமே பின்னாளிலும் பெரும்பாலும் தொடர்கிறது என்பதால், இவற்றை உடனுக்குடன் சரிசெய்வது முக்கியம்.

கருவி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. தொண்டைக்கு அப்படிப்பட்ட தாங்கல் இல்லை. விழித்திருக்கும்போது தசைகள்தான் அதைத் திறந்து பிடித்திருக்கின்றன. உறங்கியதும் அவை தளர்கின்றன, நாக்கின் அடிப்பகுதியும், மேல்வாயின் மென்மையான பின்பகுதியான மெல்லண்ணமும் பின்னால் சரிகின்றன. வழி குறுகினால் குறட்டை. மூடிக்கொண்டால் மூச்சுத் தடை. காற்றோட்டம் 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அது ஓர் ஆப்னியா. முழுக்க நிற்காமல் வெகுவாகக் குறைந்து, அதனால் இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கினாலோ மூளை விழிப்புக்கு வந்தாலோ அது ஹைப்பாப்னியா. இரண்டையும் கூட்டி, மணிக்கு எத்தனை என்று சொல்வதுதான் அறிக்கையில் வரும் ஏ.எச்.ஐ. பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15க்குள் லேசானது, 15 முதல் 30க்குள் நடுத்தரம், 30இலிருந்து கடுமையானது.

1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும், மூக்கு வழியே இடைவிடாத அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் தொண்டை மூடாமல் நிற்கிறது என்று ஐந்து நோயாளிகளை வைத்து லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். இன்றைய கருவியும் அதே வேலையைத்தான் செய்கிறது. அறைக் காற்றை உறிஞ்சி, வடிகட்டி, குறிப்பிட்ட அழுத்தத்தில் அனுப்புகிறது. அந்தக் காற்றே தொண்டைக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுக்கிறது. இது ஆக்சிஜன் கருவி என்று நினைப்பவர்கள் ஏராளம்; இதிலிருந்து வருவது சாதாரணக் காற்றுதான். மூச்சை இது நமக்காக விட்டுத் தருவதும் இல்லை. இழுப்பதும் விடுவதும் நம் வேலை. அழுத்தத்தைச் 'செ.மீ. நீர்' என்ற அலகில் சொல்வார்கள். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை 10 செ.மீ. ஆழத்துக்கு விட்டு ஊதிக் குமிழி வரவைக்க எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ, அதுதான் 10 செ.மீ. வளிமண்டல அழுத்தத்தில் அது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. நுரையீரலை வெடிக்கவைக்கும் காற்று என்ற பயத்துக்கு இடமில்லை. ஆனால் நுரையீரல் சவ்வுக்குள் காற்று புகுந்த அனுபவம், நுரையீரலில் பெரிய காற்றுக் குமிழிகள், மண்டையோட்டின் அடிப்பகுதியில் அண்மையில் அறுவை, மூளைத் தண்டுவட நீர்க் கசிவு, மூக்கில் அடிக்கடி கடுமையான இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கருவி பொதுவாக 4 முதல் 20 செ.மீ. வரை அழுத்தம் தரும். ஒருவருக்கு எவ்வளவு தேவை என்பதைப் பரிசோதனைக் கூடத்தில் ஓர் இரவு கூட்டிக் குறைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். தானே மாறிக்கொள்ளும் ஆட்டோ கருவியைச் சில நாள் வீட்டில் ஓடவிட்டு, அது காட்டும் கணக்கிலிருந்தும் முடிவு செய்யலாம். இங்கேதான் முதல் கோளாறு நடக்கிறது. ஆட்டோ கருவி பெட்டியிலிருந்து வரும்போது 4–20 என்று இருக்கும். பலரிடம் அது அப்படியே விடப்படுகிறது. பெரியவர்களில் பலருக்கு 4 செ.மீ. போதாது, 'காற்று பத்தவில்லை, மூச்சு முட்டுகிறது' என்று மாஸ்க்கைப் பிடுங்கி எறிவார்கள். அழுத்தம் அதிகமாகிவிட்டதாக அவர்களே நினைத்துக்கொள்வதும் உண்டு. உண்மையில் குறைந்தபட்ச அழுத்தத்தைச் சற்று உயர்த்த வேண்டியிருக்கும். 6 அல்லது 7இல் தொடங்கியதும் நிம்மதியாக மூச்சுவிட்டவர்கள் பலர். மேல் எல்லை 20இல் திறந்து கிடப்பதும் நல்லதல்ல. கசிவைச் சமாளிக்க முடியாமல் கருவி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகலாம். சில நாள் பதிவைப் பார்த்து இரண்டு எல்லைகளையும் நெருக்கித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். இந்த எண்களை நீங்களாகவே மாற்றக் கூடாது.

நோயாளியே மாற்றிக்கொள்ளக்கூடிய வசதிகளும் உண்டு. ரேம்ப் என்பது குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏற்றும் வசதி. பல கருவிகளில் 45 நிமிடம் வரை வைக்கலாம். நீளமாக இருந்தால் நல்லது என்று 45ஐயே வைத்துவிடுகிறார்கள். படுத்த 10 நிமிடத்தில் உறங்கிவிடுகிறவருக்கு மீதி 35 நிமிடமும் அரைகுறைச் சிகிச்சைதான். உறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அதற்கு ஒட்டி வையுங்கள். 'ஆட்டோ ரேம்ப்' இருந்தால் கருவியே உறக்கத்தை உணர்ந்து ஏற்றிவிடும். மூச்சை வெளியே விடும்போது மட்டும் அழுத்தத்தை 1 முதல் 3 செ.மீ. வரை தளர்த்தும் வசதியும் உண்டு. காற்றை எதிர்த்து ஊதுவது போல இருக்கிறது என்பவர்களுக்கு அது உதவும். அதைக் கூட்டியபின் தடைகளின் எண்ணிக்கை ஏறினால் மருத்துவரிடம் சொல்லிக் குறைக்க வேண்டியிருக்கும்.

இனி மாஸ்க். கருவியைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தில் பாதியை மாஸ்க்குக்குச் செலவிட்டாலே பல பிரச்சினைகள் வராது. மூன்று வகை: மூக்கை மூடுவது, மூக்குத் துவாரங்களில் பொருந்தும் சிறு குமிழ்கள், அதாவது பில்லோ, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ். 'நான் வாயால் மூச்சு விடுகிறவன்' என்று சொன்னதும் ஃபுல் ஃபேஸை நீட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. 2019இல் அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமி வெளியிட்ட வழிகாட்டுதல், மூக்கு மாஸ்க்கையோ பில்லோவையோ முதலில் பார்க்கும்படிதான் பரிந்துரைக்கிறது. காரணம் எளிது. ஃபுல் ஃபேஸுக்கு முகத்தில் ஒட்ட வேண்டிய பரப்பு அதிகம், கசியும் இடமும் அதிகம். வாரை இறுக்கினால் தாடையைப் பின்னால் தள்ளி, நாம் திறக்கப் பார்க்கும் வழியையே குறுக்கலாம். அழுத்தமும் கூடுதலாகத் தேவைப்படலாம். வாயால் மூச்சு விடுவதற்குப் பல சமயம் மூக்கடைப்புதான் காரணம். அதைச் சரிசெய்ததும் வாய் தானாக மூடிக்கொள்கிறது. மூக்கு நிரந்தரமாக அடைபட்டவருக்கு ஃபுல் ஃபேஸ் தேவைதான், மறுப்பதற்கில்லை. தாடி வைத்திருப்பவர்களுக்கு பில்லோ வசதி. பல்செட் கழற்றிவிட்டு உறங்குபவர்கள் பல்செட் இல்லாமலேயே அளவு பார்க்க வேண்டும். கன்னத்தின் வடிவமே மாறிவிடும்.

அளவைப் பார்க்கும் முறை இதுதான். முகத்தைக் கழுவித் துடையுங்கள். இரவில் பூசும் கிரீமும் எண்ணெயும் சிலிக்கோன் ஒட்டாமல் செய்யும். எப்படி உறங்குவீர்களோ அப்படிப் படுங்கள். உட்கார்ந்தோ நின்றோ பார்த்த அளவு படுக்கையில் பொய்த்துவிடும், ஏனென்றால் படுத்ததும் கன்னத் தசை சரிகிறது. வார்களைத் தளர்வாக மாட்டி, கருவியை ஓடவிட்டு, உங்களுக்கான முழு அழுத்தத்தில் பாருங்கள். பல கருவிகளில் இதற்கென்றே 'மாஸ்க் ஃபிட்' என்ற பொத்தான் இருக்கிறது. அதன்பின் மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு கணம் முன்னால் இழுத்து, குஷனில், அதாவது முகத்தில் படும் சிலிக்கோன் பகுதியில், காற்று நிரம்பியதும் மெதுவாக விட்டு உட்காரவையுங்கள். குஷனின் ஓரம் இரட்டை மடிப்பாக இருக்கும். முகத்தைத் தொடும் மெல்லிய மடிப்பு காற்றில் உப்பி முகத்தோடு ஒட்டிக்கொள்ளும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். வாரை இறுக்கினால் அந்த மடிப்பு நசுங்கிப்போகும், கசிவு குறைவதற்குப் பதிலாகக் கூடும். கசிகிறது என்று இறுக்கி, இறுக்கியதால் கசிந்து, மறுபடியும் இறுக்கி, விடிகாலையில் மூக்குத் தண்டில் புண்ணோடு எழுந்திருப்பவர்கள் எத்தனையோ பேர். வாருக்கும் தலைக்கும் இடையே இரண்டு விரல் எளிதாக நுழைய வேண்டும். கீழ் வார்களை முதலில் சரிசெய்துவிட்டு மேல் வார்களுக்குப் போங்கள். இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும். பிறகு இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிப் படுத்துப் பாருங்கள். கண்ணில் காற்று அடித்தால் மாஸ்க் மேலே ஏறியிருக்கிறது அல்லது அளவு பெரிது. பெரிய மாஸ்க் சௌகரியமாக இருக்கும் என்று எண்ணி எடுப்பது பொதுவான தவறு. கசியாமல் பொருந்துவதில் ஆகச் சிறிய அளவுதான் சரியானது.

ஒரு கசிவை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. மாஸ்க்கின் முன்பக்கத்திலோ வளைவுப் பகுதியிலோ சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். நாம் விடும் கரியமில வாயு வெளியேறுவதற்கென்றே வைத்த துளைகள் அவை. 'இங்கே காற்று போகிறதே' என்று டேப் ஒட்டியவர்கள் உண்டு, அது ஆபத்து. ஃபுல் ஃபேஸில் கூடுதலாக ஒரு வால்வு இருக்கும். மின்சாரம் நின்று கருவி ஓயும்போது அது திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும். கழுவும்போது அந்த வால்வின் மடல் கிழியாமல், சோப்பு அழுக்குப் படியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வாரை மாட்ட காந்தம் வைத்த மாஸ்க்குகளும் விற்பனையில் இருக்கின்றன. பேஸ்மேக்கரோ காந்தத்தால் பாதிக்கப்படக்கூடிய வேறு உலோகச் சாதனமோ உடலில் இருந்தால் காந்தத்துக்கும் அதற்கும் குறைந்தது 15 செ.மீ. இடைவெளி வேண்டும், பக்கத்தில் படுக்கிறவருக்கு இருந்தாலும் அப்படித்தான். காந்தமில்லாத மாஸ்க்கைக் கேட்டு வாங்குவதே நிம்மதி.

மாஸ்க்கைக் கண்டாலே மூச்சு அடைப்பது போல உணர்கிறவர்கள் முதல் இரவே எட்டு மணி நேரம் போட முயன்றால் மறுநாள் அதைத் தொடவே மாட்டார்கள். பகலில் பழக வேண்டும். முதல் நாள், குழாய் கூட மாட்டாமல், மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்துச் சில நிமிடம். அது பழகியதும் வாரோடு. பிறகு குழாயை மாட்டி, கருவியை ஓடவிட்டு, உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தபடியோ படித்தபடியோ 20, 30 நிமிடம். அடுத்து பகலில் ஒரு குட்டித் தூக்கம். அதற்கும் பிறகுதான் இரவு. ஒரு படியில் பதற்றம் வந்தால் முந்தைய படிக்குத் திரும்பிப் போகலாம். இன்னொரு நுணுக்கம்: மூக்கு மாஸ்க்கோடு காற்று ஓடும்போது வாயைத் திறந்து பேசினால் காற்று மூக்கில் புகுந்து வாய் வழியே பீய்ச்சிக்கொண்டு வெளியேறும், புதியவர்கள் இதில் மிரண்டுபோவார்கள். வாயை மூடி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்து, மூக்கால் மட்டும் மெதுவாக நான்கைந்து மூச்சு விட்டால் அடங்கிவிடும். தூக்க மாத்திரையை நீங்களாகவே எடுத்துக்கொண்டு பழக முயலக் கூடாது. மதுவும் சில மயக்க மருந்துகளும் தொண்டையை மேலும் தளர்த்தும்.

கருவியைத் தலைமாட்டில் உயரமான அலமாரியில் வைப்பதைப் பார்க்க முடிகிறது. தலையணை மட்டத்துக்குக் கீழே, ஆடாத சமதளத்தில் வைக்க வேண்டும். குழாயில் படியும் நீர் கருவிப் பக்கம் வழிந்து போவதற்காக இப்படி. உயரத்தில் வைத்தால் அது மூக்கில் வந்து கொட்டும். காற்று இழுக்கும் பக்கத்தைத் திரைச்சீலையோ சுவரோ மறைக்கக் கூடாது. குழாய் பொதுவாக 1.8 மீட்டர் நீளம். உள்விட்டம் 22 மி.மீ. அல்லது மெல்லிய வகையில் 15 மி.மீ. மெல்லிய குழாயில் காற்றுக்குத் தடை அதிகம் என்பதால், எந்தக் குழாய் மாட்டியிருக்கிறது என்பதைக் கருவியின் அமைப்பில் சொல்ல வேண்டும். குழாயை மாற்றிவிட்டு இதை மறந்தால் காட்டும் அழுத்தம் ஒன்று, மூக்குக்கு வரும் அழுத்தம் வேறு.

காற்றில் ஈரம் சேர்க்கும், நீர்த்தொட்டி உள்ள ஈரப்பதமூட்டியை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். வறண்ட காற்று மூக்குச் சவ்வை எரிச்சலூட்டும், சவ்வு வீங்கும், மூக்கு அடைக்கும், வாய் திறக்கும், காற்று வாய் வழியே ஓடி மூக்கை மேலும் உலர்த்தும். பலருடைய 'ஒத்துவரவில்லை' இந்தச் சுழலில்தான் பிறக்கிறது. ஈரப்பதத்தை நடு அளவில் தொடங்கி, தொண்டை வறண்டால் ஒரு படி கூட்டுங்கள். குழாய்க்குள் நீர் தெறித்து 'களக் களக்' என்று சத்தம் வந்தால் அறை குளிர்ந்திருக்கிறது என்று பொருள். சூடான காற்று குழாயின் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள், அல்லது குழாய்க்குத் துணி உறை போடுங்கள், அல்லது போர்வைக்குள் விடுங்கள். சூடேறும் குழாய் இருந்தால் அதன் வெப்பத்தைக் கூட்டுவது எல்லாவற்றையும் விட நல்லது. தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் மட்டும். குழாய் நீரில் இருக்கும் உப்பு, தொட்டியின் சூடேறும் தகட்டில் வெள்ளையாகப் படியும். வேறு வழியே இல்லாத ஓரிரவு கொதிக்கவைத்து ஆறிய குடிநீரை ஊற்றலாம். உப்புப் படிவது அதனால் நிற்காது. நீரைக் குறியிட்ட கோட்டுக்கு மேல் ஊற்றாதீர்கள். தொட்டியில் நீரோடு கருவியைத் தூக்காதீர்கள். மோட்டாருக்குள் நீர் புகுந்தால் கருவி போய்விடும்.

மூக்கடைப்பு ஏற்கெனவே இருந்தால் படுக்கும் முன் உப்புநீர்க் கரைசலால் மூக்கைக் கழுவலாம். அந்த நீரும் காய்ச்சி வடித்ததாகவோ கொதிக்கவைத்து ஆறியதாகவோ இருக்க வேண்டும். ஒவ்வாமை இருப்பவர்களுக்கு மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே தரக்கூடும். கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைச் சில நாளுக்கு மேல் போட்டால், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

மூக்கு மாஸ்க் போட்டும் காலையில் வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றால் இரவில் வாய் திறக்கிறது. முதலில் மூக்கைப் பாருங்கள், பிறகு ஈரப்பதத்தை. அதன்பின் தாடையைத் தாங்கும் வார் போட்டுப் பார்க்கலாம். சிலருக்கு உதவும், சிலருக்கு உதடு வழியே காற்று போய்க்கொண்டேதான் இருக்கும். அவர்களுக்கு ஃபுல் ஃபேஸ். வாயில் டேப் ஒட்டிக்கொள்ளச் சொல்லும் காணொளிகள் நிறையச் சுற்றுகின்றன. வாந்தி வந்தாலோ, மூக்கு அடைத்தாலோ, மின்சாரம் நின்றாலோ என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். மருத்துவரைக் கேட்காமல் அந்த வழிக்குப் போக வேண்டாம்.

வயிறு உப்பிக்கொண்டு, ஏப்பமும் வாயுவுமாக எழுந்திருப்பது இன்னொரு புகார். காற்று மூச்சுக்குழாய்க்குப் பதில் உணவுக்குழாய்க்குள் போகிறது. பக்கவாட்டில் படுப்பதும், தலைமாட்டை உயர்த்துவதும், மூச்சு விடும்போது தளர்த்தும் வசதியைக் கூட்டுவதும் பலருக்குப் பலன் தரும். நெஞ்செரிச்சல் இருந்தால் அதற்கும் சிகிச்சை வேண்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால் அழுத்தத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்ல வேண்டும்.

இனி எண்கள். காலையில் கருவித் திரையிலோ கைபேசிச் செயலியிலோ நேரம், கசிவு, ஏ.எச்.ஐ. மூன்றும் தெரியும். ஒரே ஓர் இரவின் எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம்; ஒரு வாரச் சராசரியைப் பாருங்கள். ஏ.எச்.ஐ. 5க்குக் கீழே இருப்பதுதான் வழக்கமான இலக்கு. கருவி மூளை அலையைப் படிப்பதில்லை. காற்றோட்டத்தை வைத்துக் கணிக்கிறது. அது ஓடிய நேரத்தால் வகுக்கிறதே தவிர உறங்கிய நேரத்தால் அல்ல. விழித்துக்கொண்டு படுத்திருந்தபோது மூச்சைப் பிடித்ததும் கணக்கில் சேரலாம். கசிவு மிகுந்த இரவில் இந்தக் கணக்கையே நம்ப முடியாது. அதனால் கசிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதிலும் ஒரு குழப்பம் உண்டு: சில நிறுவனங்களின் கருவி மாஸ்க் துளைகள் வழியே போவதைக் கழித்துவிட்டுக் காட்டும், சிலவற்றில் அதுவும் சேர்ந்தே வரும். இரண்டு பேர் தங்கள் எண்களை ஒப்பிட்டுச் சண்டை போட்டுக்கொள்வதில் பொருள் இல்லை. ரெஸ்மெட் நிறுவனத்தின் கருவிகளில், கழித்ததுபோக நிமிடத்துக்கு 24 லிட்டர் வரை சமாளிக்கத்தக்க கசிவு.

ஏ.எச்.ஐ.க்குள்ளும் பிரித்துக் காட்டும் கருவிகள் உண்டு. தொண்டை மூடியதால் வந்தவை ஒருபுறம். வழி திறந்திருந்தும் மூளை மூச்சுக்கு உத்தரவு அனுப்பாததால் வந்தவை மறுபுறம். சிகிச்சை தொடங்கிய புதிதில் இரண்டாவது வகை சிலருக்குத் தலைகாட்டும். பெரும்பாலானோருக்குச் சில வாரம் அல்லது மாதத்தில் தானே மறையும். மறையாமல் நின்றாலும், இதய நோய் இருந்தாலும், ஓபியாய்டு வகை வலி மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். அழுத்தத்தை ஏற்றினால் இது தீராது, கூடவும் செய்யலாம்.

நேரம் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'நான்கு மணி நேரம் போட்டால் போதும்' என்ற பேச்சு எப்படியோ பரவிவிட்டது. இரவுக்கு 4 மணி நேரம், 70 சதவீத இரவுகள் என்பது ஒருவர் கருவியைப் பயன்படுத்துகிறாரா என்று கணக்குப் பார்க்கக் காப்பீட்டுத் துறையும் ஆய்வுகளும் வைத்துக்கொண்ட கோடு. உடல் அந்தக் கோட்டை அறியாது. கனவு வரும் உறக்கக் கட்டம் இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் அதிகம். அந்தக் கட்டத்தில் தசைகள் ஆகத் தளர்ந்திருப்பதால் பலருக்குத் தடைகள் நீளமாகவும் ஆழமாகவும் வருவது அப்போதுதான். 11 மணிக்குப் போட்டு 3 மணிக்குக் கழற்றுகிறவர், சிகிச்சை மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதில்லாமல் உறங்குகிறார். 2016இல் வெளியான 'சேவ்' என்ற பெரிய ஆய்வில் 2717 பேர் கலந்துகொண்டார்கள். ஏற்கெனவே இதய அல்லது மூளை இரத்தக்குழாய் நோய் இருந்தவர்கள் அவர்கள். சிபேப் அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைக் குறைத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் கருவியைப் போட்டிருந்த சராசரி நேரம் இரவுக்கு 3.3 மணி. கடும் பகல் தூக்கம் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். இதயத்தைக் காப்பாற்றிவிடும் என்று உறுதி கூறி நோயாளியை இழுப்பது சரியில்லை; பகல் தூக்கமும் குறட்டையும் குறைவதும் வாழ்க்கைத் தரம் உயர்வதும் நன்கு நிறுவப்பட்டவை. அந்த 3.3 மணியை வைத்து முழு இரவுச் சிகிச்சையைத் தீர்ப்பிடவும் முடியாது. கழிப்பறைக்கு எழுந்தால் மாஸ்க்கைக் கழற்றாமல் குழாயை மட்டும் பிரித்துவிட்டுப் போய்வந்து மீண்டும் மாட்டினால், திரும்பப் போட்டுக்கொள்ளும் சோம்பலில் மிச்ச இரவு வீணாகாது. பகலில் ஒரு மணி நேரம் படுத்தாலும் கருவியோடுதான் படுக்க வேண்டும்.

பலன் தெரியும் காலம் ஆளுக்கு ஆள் மாறும். முதல் இரவே புது மனிதராக எழுந்தவர்களும் உண்டு. மாதக்கணக்கில் ஆனவர்களும் உண்டு. பகல் தூக்கம் தெளியும்வரை வாகனம் ஓட்ட வேண்டாம்.

சுத்தம் செய்வது பெரிய காரியமில்லை. தினமும் காலையில் தொட்டியில் மிஞ்சிய நீரைக் கொட்டிக் காயவைக்க வேண்டும். மாஸ்க்கின் குஷனை, வாசனை இல்லாத மிதமான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவ வேண்டும். முகத்தின் எண்ணெய்ப் பசை சிலிக்கோனை அரித்துவிடும். நேற்று வரை ஒட்டிய குஷன் இன்று வழுக்குவதற்கு அதுவே காரணம். வாரம் ஒருமுறை குழாய், தொட்டி, தலைவார் மூன்றையும் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் சிலிக்கோனும் பிளாஸ்டிக்கும் கெட்டுப்போகும். தொட்டியில் வெள்ளைப் படிவம் இருந்தால் ஒரு பங்கு வினிகருக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து ஊறவைத்து நன்றாக அலசலாம். ப்ளீச், ஆல்கஹால், வாசனை எண்ணெய் எதுவும் கிட்டே வரக் கூடாது. தொட்டி நீரில் தைலம் விட்டால் அது நேராக நுரையீரலுக்குத்தான் போகும். ஓசோன் வாயுவாலும் புறஊதா ஒளியாலும் சுத்தம் செய்வதாக விற்கும் பெட்டிகளைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 பிப்ரவரியில் எச்சரித்தது. வாங்கத் தேவையே இல்லை. காற்று வடிகட்டியை வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கழுவக்கூடிய நுரை வகை என்றால் கழுவி முழுக்க உலர்த்தி மாட்டலாம். வெள்ளைத் தாள் வகையைக் கழுவக் கூடாது, சாம்பல் நிறமானதும் மாற்ற வேண்டும். தூசி மிகுந்த அறையில் அது மாதம் ஒருமுறை வரும். குஷன் ஒன்று முதல் மூன்று மாதம், தலைவார் சுமார் ஆறு மாதம், குழாய் ஆறு மாதம் முதல் ஓராண்டு. இவை தோராயக் கணக்கு. கிழிசலும் மஞ்சள் நிறமும் தொய்வும்தான் உண்மையான அறிகுறி.

மின்சாரம் நின்றால் மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியில் ஓட்டுபவர்கள் ஈரப்பதமூட்டியையும் குழாய்ச் சூட்டையும் அணைத்துவிட்டால் பேட்டரி வெகுநேரம் தாங்கும். மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தின்பது அவைதான், மோட்டார் அல்ல. கருவியோடு ஆக்சிஜனும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்கள் முதலில் கருவியை ஓடவிட்டு, பிறகே ஆக்சிஜனைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது ஆக்சிஜன் முதலில், கருவி கடைசியில். கருவி ஓடாதபோது ஆக்சிஜன் உள்ளே தேங்கினால் தீப்பற்றும் அபாயம்.

ஒருவர் பயன்படுத்திய கருவியை இன்னொருவர் வாங்குவதைப் பற்றி. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், ஒலியைக் குறைக்கக் கருவிக்குள் வைத்திருந்த பாலியூரித்தேன் நுரை சிதைந்து துகள்களாக மூச்சில் கலக்கக்கூடும் என்று முதல் தலைமுறை டிரீம்ஸ்டேஷன் உட்பட லட்சக்கணக்கான கருவிகளைத் திரும்பப்பெறும் அறிவிப்பை வெளியிட்டது. கைமாறி வரும் கருவி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கருவியின் அடிப்பக்க வரிசை எண்ணைக் கொண்டு பார்க்காமல் வாங்கக் கூடாது. பட்டியலில் இல்லாவிட்டாலும் மாஸ்க், குழாய், தொட்டி, வடிகட்டி நான்கும் புதிதாக இருக்க வேண்டும். பழைய உரிமையாளரின் அழுத்த அமைப்புகளை அழித்துவிட்டு, உங்களுக்கு எழுதித் தந்ததை மருத்துவரோ தொழில்நுட்பரோ ஏற்ற வேண்டும்.

முதல் மறுபார்வைக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் வாரத்திலேயே கருவி கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். பல மாஸ்க் நிறுவனங்களும் விற்பனையாளர்களும் குறிப்பிட்ட நாட்களுக்குள் வேறு அளவுக்கு மாற்றித் தருகிறார்கள். வாங்கும்போதே அந்தக் கெடுவைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கருவியின் நினைவக அட்டையையோ செயலியில் வரும் பதிவையோ, வழக்கமாகப் போடும் மாஸ்க்கோடு சேர்த்து எடுத்துப்போங்கள். எத்தனை மணிக்குக் கழற்றினீர்கள், ஏன் என்று ஒரு துண்டுத்தாளில் குறித்திருந்தால், 'சரியாகத் தூங்க முடியவில்லை' என்று பொதுவாகச் சொல்வதைவிட அதிலிருந்து நிறையக் கண்டுபிடிக்க முடியும். உடல் எடை பத்தில் ஒரு பங்கு கூடினாலோ குறைந்தாலோ, மறைந்துபோன குறட்டை மாஸ்க்கோடும் திரும்பி வந்தாலோ, அழுத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உறக்க ஆய்வகத் தொழில்நுட்பர்கள்